அந்த அறை யாருக்கு?

பிறந்த குழந்தையைக் காண வருவோர் அதன் முகத்தில் உறவினரின் சாயலைத் தேடுவர். நெற்றி பாட்டனாருடையது, மூக்கு வாப்பாவுடையது என்று பங்கிட்டு மகிழ்வது நம் இல்லங்களில் காலங்காலமாக நடந்து வருவது. ஒன்பது வயது நிரம்பிய ஒரு பிள்ளையை, இனி இவன் நம் வீட்டுப் பிள்ளை என்ற எண்ணத்தோடு முதன்முதலாகக் காணச் செல்வோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவன் முகத்தில் வேறொரு குடும்பத்தின் சாயல் முன்னரே இருக்கிறது. அவன் நெஞ்சில் வேறொரு தாயின் குரல் இருக்கிறது. அவற்றை என்ன செய்வது என்பதே அத்தகையோர் முன் நிற்கும் முதற்கேள்வி.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நாகபுரி நகரத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில், அக்கேள்வி எங்கள் முன் வந்து நின்றது. நாங்கள் கையோடு கொண்டு சென்றிருந்த விடை தவறானது என்பதை அந்தப் பிள்ளையே எங்களுக்கு உணர்த்தினான். அந்த நிகழ்ச்சியை நம் குடும்பத்தார் அறிந்துகொள்வது நலம் என்பதால் எழுதுகிறோம். பிள்ளையின் பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை. அதற்கான காரணம் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது விளங்கும்.

நாங்கள் காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். பிழைப்பின் பொருட்டு அமெரிக்கா சென்று, நியூஜெர்சி மாநிலத்தில் குடியேறி, அந்நாட்டின் குடியுரிமையும் பெற்றவர்கள். வல்ல அல்லாஹ் எங்களுக்கு அருளிய நிஃமத்துகள் பல. மக்கட்பேறு ஒன்றை மட்டும் அவன் அருளவில்லை. மருத்துவர்களிடம் அலைந்தே ஆண்டுகள் பல கழிந்தன. எங்களுள் கணவருக்கு நாற்பத்தெட்டும் மனைவிக்கு நாற்பத்து நான்கும் ஆனபோது, ஆதரவற்ற பிள்ளை ஒன்றுக்கு வீடு கொடுப்போம் என்ற நிய்யத்திற்கு வந்தோம்.

தத்தெடுக்க விரும்புவோரிற் பெரும்பாலோர் கைக்குழந்தையையே நாடுகின்றனர். விவரம் தெரிந்த பிள்ளைகள் இல்லங்களில் காத்துக் கிடக்கின்றனர். இந்திய விதிகளும் வயது முதிர்ந்த தம்பதியரிடம் பச்சிளங்குழந்தையை ஒப்படைப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமாயின் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக்கூடாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அந்த வரம்பு 110. எங்கள் கூட்டுத்தொகை 92. விதியும் எங்கள் விருப்பமும் ஒரே திசையைக் காட்டின.

முஸ்லிம்கள் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமுண்டா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. பௌத்தர், சமணர், சீக்கியரும் அதனுள் அடங்குவர். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் 1890ஆம் ஆண்டின் சட்டப்படி காப்பாளராகும் உரிமை மட்டுமே இருந்தது. பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்தப் பிணைப்பு முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், அதற்கு 2006இல் வந்த திருத்தமும் இந்த நிலையை மாற்றின. எச்சமயத்தவரும் அச்சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்கலாம் என்றும், அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்றும் 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இப்போது நடப்பிலிருப்பது 2015ஆம் ஆண்டின் சட்டம். அயல்நாட்டிலிருந்து வருவோருக்கு அதனோடு 1993ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தமும் உண்டு. இந்தியா 2003லும் அமெரிக்கா 2008லும் அதன் வரம்புக்குள் வந்தன.

நாட்டுச் சட்டம் வழிவிட்டது. மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று எங்கள் ஊர் ஆலிம் பெருந்தகை ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். அனாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பது மிகப் பெரிய நன்மை. 'கஃபாலா' என்பது அதன் பெயர். 1989ஆம் ஆண்டின் உலகக் குழந்தை உரிமை உடன்படிக்கையிலேயே அச்சொல் இடம்பெற்றிருக்கிறது என்றார். பின்னர் மூன்று வரம்புகளை எடுத்துரைத்தார். வளர்ப்புப் பிள்ளையின் வம்சத்தை மறைத்துத் தம் வம்சமாக்கிக் கொள்ளக்கூடாது. வாரிசுப் பங்கு தானாக அவனுக்கு வந்து சேராது. வாழும்போதே அன்பளிப்பாகவோ, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத்தாகவோ கொடுக்கலாம். அவன் பருவம் எய்திய பின் வளர்த்த தாயிடத்தும் பேண வேண்டிய ஒழுங்குகள் உண்டு.

உண்மையைச் சொன்னால் எங்கள் மனம் சற்று வாடியது. பிள்ளையைத் தேடிப் புறப்படும்போதே 'இவன் உங்கள் பிள்ளையல்லன்' என்று ஒரு வேலி போடப்படுவதாகத் தோன்றிற்று. மூன்றையும் ஏற்றுக்கொண்டோம். ஆயின் முதலாவது வரம்பின் பொருள் அன்று எங்களுக்கு முழுமையாக விளங்கவில்லை.

அமெரிக்க விதிப்படி, தத்தெடுப்போர் குறைந்தது பத்து மணி நேரப் பயிற்சி பெற்றாக வேண்டும். அப்பயிற்சியில் ஓர் அம்மையார் எங்களுக்குச் சில அறிவுரைகள் வழங்கினார். பிள்ளையைக் கண்டதும் ஓடிச்சென்று கட்டியணைக்காதீர்கள். உங்களுக்கு அது பல ஆண்டு ஏக்கம், அவனுக்கோ நீங்கள் யாரோ இருவர். நின்றுகொண்டு பேசாமல் அவன் கண்மட்டத்திற்கு அமருங்கள். விலையுயர்ந்த பரிசுகளைக் குவிக்காதீர்கள். முன்கூட்டியே உங்களைப் பற்றிய படத்தொகுப்பு ஒன்றை அனுப்பி வையுங்கள். உங்களைக் காணும் முன் உங்கள் முகம் அவனுக்குப் பழகட்டும் என்றார்.

அவ்வாறே இருபது படங்கள் கொண்ட தொகுப்பொன்றை ஆயத்தம் செய்தோம். நாங்கள் இருவரும் நிற்கும் படம், வீட்டு முகப்பு, சமையலறை, பனி பெய்த தெரு, ஊரிலுள்ள பெரியோர் என்று வரிசைப்படுத்தி, அவனுக்காக ஒதுக்கிய அறையின் படத்தை இறுதியில் வைத்தோம். அந்த அறைக் கதவில் மர எழுத்துகள் நான்கை ஒட்டியிருந்தோம். 'ஸைத்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் வரும் நான்கு எழுத்துகள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மகனாகப் பாவித்து வளர்த்த ஸைது (ரலி) அவர்களின் திருப்பெயர். எங்கள் பிள்ளைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு எது என்று மகிழ்ந்தோம். காயலில் இருந்த மாமியார் அப்பெயரைச் சொல்லியே நாள்தோறும் துஆச் செய்து வந்தார்கள். பிள்ளைக்கு முன்னரே ஒரு பெயர் இருந்தது எங்களுக்குத் தெரியும். பள்ளிச் சட்டையை மாற்றுவது போல அதையும் மாற்றிவிடலாம் என்று எண்ணியிருந்தோம்.

நாகபுரியில் டிசம்பர் மாதக் காலை குளிராக இருந்தது. தெருவோரமெங்கும் ஆரஞ்சுப் பழங்களைக் குவித்து வைத்து விற்றுக் கொண்டிருந்தனர். அவ்வூரின் புகழே அப்பழத்தால் வந்தது. இல்லத்தின் வரவேற்பறையில் நெகிழி நாற்காலிகளில் எங்களை அமரச் செய்தனர். இரண்டு முறை தொலைபேசித் திரையில் அவனைப் பார்த்திருந்தோம். அப்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்தபடி ஓரிரு சொற்கள் பேசியதோடு சரி. எம் துணைவியாரின் கை சில்லிட்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நிக்காஹ் நாளன்று கூட அவரை இவ்வளவு நடுக்கத்தோடு கண்டதில்லை.

அவன் வந்தான். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. சற்றே பெரிய கம்பளிச் சட்டை. கக்கத்தில் நாங்கள் அனுப்பிய படத்தொகுப்பு. அவனுக்குப் பின்னால், கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, ஐந்து வயது மதிக்கத்தக்க வேறொரு சிறுவன் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தான்.

பயிற்சியிற் சொன்னபடி நாங்கள் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் அமர்ந்தோம். அவன் வியப்போடு பார்த்துவிட்டுத் தானும் எதிரே அமர்ந்து, தொகுப்பின் முதற்பக்கத்தைத் திறந்தான். படத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். படத்தில் எம் முகத்தில் கண்ணாடி இல்லை, நேரில் இருந்தது. அவன் படத்தைத் தொட்டு, பின் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். கண்ணாடியைக் கழற்றினோம். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். பெண் பார்க்கச் சென்றவர்களையே நடுக்கூடத்தில் உட்கார வைத்துப் பெண் பார்ப்பது போல் ஆயிற்று எங்கள் நிலை. இரண்டு ஆண்டுகளாக அரசாங்கங்கள் எங்களை ஆராய்ந்தன. வருவாய், உடல்நலம், காவல்துறைச் சான்று என அனைத்தையும் கேட்டன. எஞ்சியிருந்த பரிசோதகன் இவனே. பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அவன் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டுமென்று சட்டமே கூறுகிறது.

மராத்தியில் நாங்கள் மனனம் செய்து வந்த வாக்கியங்களுள் ஒன்றை எம் துணைவியார் மெல்லச் சொன்னார்: "துஜ நாவ் காய்?" உன் பெயர் என்ன என்பது பொருள்.

அவன் சட்டென்று எழுந்து, பள்ளியில் ஆசிரியர் முன் நிற்பது போல் நிமிர்ந்து நின்று, மூன்று சொற்களைத் தெளிவாகச் சொன்னான். மராட்டிய நாட்டு வழக்கம் அது. முதலில் தன் பெயர், அடுத்துத் தந்தையின் பெயர், இறுதியில் குடும்பப் பெயர். நடுச்சொல்லைச் சொல்லும்போது அவன் குரல் சிறிது உயர்ந்ததைக் கவனித்தோம். அந்தத் தந்தை என்ன ஆனார், தாய் எப்படி மறைந்தார் என்பனவற்றை இங்கே எழுதோம். அவை அவனுக்குரியவை; அவன் வளர்ந்து விரும்பினாற் சொல்லட்டும்.

மேசை மீதிருந்த தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அவனே உரித்தான். சுளை சுளையாகப் பிரித்து, எம் துணைவியாருக்கு ஒன்று, எமக்கு ஒன்று, மொழிபெயர்த்துக் கொண்டிருந்த இல்லப் பணியாளருக்கு ஒன்று என்று வழங்கினான். கதவருகே நின்ற சிறுவனை அழைத்து இரண்டு கொடுத்தான். தனக்கென எடுத்தது ஒன்றே. நாங்கள் அவனுக்கு வீடு கொடுக்க வந்தவர்கள் என்ற நினைப்பில் இருந்தோம். அந்த வீட்டின் மனிதனாக நின்று விருந்தோம்பியவன் அவன். எம்மைக் 'காகா' என்றும் துணைவியாரைக் 'காகூ' என்றும் அழைத்தான். சித்தப்பா, சித்தி என்ற முறை. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். அச்சொல்லைக் கேட்டதும் நாங்கள் சிரித்துவிட்டோம். காரணம் புரியாமலே அவனும் சிரித்தான்.

அதன்பின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் படத்தில் நிறுத்தினான். அறைக் கதவின் படம். அந்த நான்கு எழுத்துகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தான். ஆங்கில எழுத்துகளைப் பள்ளியிற் கற்றிருந்தான் போலும். பின் தணிந்த குரலில் ஏதோ கேட்டான். மொழிபெயர்க்க வேண்டிய பெண்மணி சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார்:

"அந்த அறை யாருக்கு என்று கேட்கிறான். அங்கே இருக்கும் பையன் தன்னையும் உள்ளே படுக்க விடுவானா என்று கேட்கிறான்."

எங்களால் உடனே பேச முடியவில்லை. இரண்டு மாதங்களாக அவன் கையில் இருந்த தொகுப்பு அது. இரண்டு மாதங்களும், தான் போகும் வீட்டில் ஸைத் என்றொரு பிள்ளை முன்னரே இருக்கிறான், அவனுடைய அறையில் தனக்கு ஓர் ஓரம் கிடைக்குமா என்று அவன் எண்ணியிருக்கிறான். அப்படி ஒரு பிள்ளை இல்லை, அது உனக்காக நாங்கள் நினைத்து வைத்த பெயர் என்று சொன்னோம். அவன் மீண்டும் எழுத்துகளைப் பார்த்தான். "அது என் பெயரன்று" என்றான். தன் மூன்று சொற்களையும் மறுபடி சொன்னான். இம்முறை எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல் சொன்னான். பின் கேட்டான்: "அங்கே வந்தால் இது போய்விடுமா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடிவு செய்யும் வரை எம் துணைவியார் காத்திருக்கவில்லை. "போகாது" என்றார். மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தலையசைப்பிலேயே அவனுக்கு விளங்கிற்று.

அன்றிரவு விடுதியில் உறக்கம் வரவில்லை. ஸைது (ரலி) அவர்களின் பெயரை விரும்பி எடுத்தோமே, அவர்களின் வரலாற்றை எண்ணிப் பார்த்தோமா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். அவ்வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே. சிறுவராக இருந்தபோது கொள்ளையரால் கவரப்பட்டு, உக்காழ்ச் சந்தையில் விற்கப்பட்டு, அன்னை கதீஜா (ரலி) அவர்களின் இல்லம் வந்து, பெருமானாரிடம் சேர்ந்தவர். பெற்ற தந்தை ஹாரிஸா மகனைத் தேடி மக்காவுக்கு வந்தபோது, ஈட்டுத்தொகை எதுவும் வேண்டாம், பிள்ளையையே கேளுங்கள், அவர் விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள் என்றார்கள் அண்ணலார். பிள்ளை கேட்கப்பட்டார். அவர் பெருமானாரோடு இருப்பதையே தேர்ந்தார். அதுமுதல் மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தனர். பின்னர் மதீனாவில் இறைக்கட்டளை இறங்கிற்று. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையரின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்பது அக்கட்டளை. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தில் அதைக் காணலாம். ஸைத் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். அதனால் அன்பு குறைந்ததா? அண்ணலாரின் தோழர்களுள் திருமறையில் பெயர் சுட்டப்படும் பேறு பெற்றவர் அவர் ஒருவரே. ஹிஜ்ரி 8இல் மூத்தா போருக்குப் படை புறப்பட்டபோது அதன் முதல் தளபதியாக நியமிக்கப்பட்டவரும் அவரே.

அந்தக் கட்டளையை இதுகாறும் வளர்ப்போர் மீது இடப்பட்ட வேலியாகவே எண்ணியிருந்தோம். அது வளரும் பிள்ளைக்கு அளிக்கப்பட்ட உரிமை என்பது அந்த இரவில்தான் விளங்கிற்று. 'உன் தந்தையின் பெயரை எவரும் உன்னிடமிருந்து பறிக்க முடியாது' என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அல்லாஹ் அப்பிள்ளைகளுக்கு வாக்களித்து விட்டான். அந்த வாக்கைத்தான் அந்தச் சிறுவன் எங்களிடம் கேட்டான். தான் கேட்பது இன்னதென்று அறியாமலே கேட்டான்.

நாயகம் (ஸல்) அவர்களே யத்தீமாக வளர்ந்தவர்கள் அல்லவா? ஆறாம் வயதில் அன்னையை இழந்து, பாட்டனாரிடமும் பின்னர்ப் பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தார்கள். அபூதாலிபின் மகன் என்று அவர்களை எவரும் அழைத்ததில்லை. அப்துல்லாஹ்வின் மகனாகவே நிலைத்தார்கள். நெடுங்காலம் கழித்து அன்னையின் அடக்கவிடத்தைத் தரிசித்தபோது அவர்கள் அழுததையும், உடனிருந்தோர் அழுததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஆறு வயதுப் பிள்ளை தாயை மறப்பதில்லை. நாம் மறக்கச் சொன்னாலும் மறப்பதில்லை.

மேனாட்டார் இதை வேறு வழியில் கற்றனர். பிள்ளை தங்களுக்கே பிறந்தது போல் எல்லாத் தடயங்களையும் மூடிவிடுவதே நலம் என்று ஒரு காலத்தில் அவர்கள் கருதினர். நாங்கள் வாழும் நியூஜெர்சியிலேயே, தத்துப் பிள்ளையின் முதற் பிறப்புச் சான்று முத்திரையிட்டுப் பூட்டப்பட்டு வந்தது. வளர்ந்து ஆளானவர்கள் தம்மைப் பெற்றவர் யாரென்று அறியப் பல ஆண்டுகள் போராடி, 2017ஆம் ஆண்டில்தான் அந்தப் பூட்டைத் திறந்தனர். பிள்ளையின் பூர்வீகத்தைப் பற்றிய செய்திகளைப் பாதுகாக்க வேண்டுமென்று ஹேக் ஒப்பந்தமும் வலியுறுத்துகிறது.

மறுநாள் அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிரப்பும்போது 'பிள்ளைக்கு இடப்படும் பெயர்' என்ற இடத்தில் அவனுடைய மூன்று சொற்களையும் அப்படியே எழுதினோம். தந்தை என்ற இடத்தில் ஒருவர் பெயரும், பிள்ளையின் பெயருக்குள் வேறொருவர் பெயரும் இருந்தால் பள்ளியிலும் விமான நிலையத்திலும் தொல்லைப்படுவீர்கள் என்று அங்கிருந்தவர் அக்கறையோடு எச்சரித்தார். அந்தத் தொல்லையை நாங்கள் சுமந்துகொள்கிறோம் என்றோம். 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்திற்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். ஆணையும் புதிய பிறப்புச் சான்றும் கடவுச்சீட்டும் அந்தப் பெயரிலேயே வந்தன. சான்றில் பெற்றோர் என்ற இடத்தில் சட்டப்படி எங்கள் பெயர்கள் உள்ளன. அதை எங்கள் பொறுப்பை உறுதி செய்யும் முறியாகவே கருதுகிறோம். அவனைப் பெற்றவர்களைப் பற்றி இல்லம் தந்த குறிப்புகள் அனைத்தையும் ஓர் உறையிலிட்டு வைத்திருக்கிறோம். அது எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

உறவினர் வாளா இருக்கவில்லை. நம் வீடுகளில் வழங்காத பெயராயிற்றே, எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டனர். பெருமானார் தம்மிடம் வந்தோரின் பெயர்களையெல்லாம் மாற்றிவிடவில்லை. தீய பொருள் தரும் பெயர்களை மாற்றினார்கள். மாறுசெய்பவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய பெண்மணிக்கு அழகி என்று பொருள்படும் ஜமீலா என்ற பெயரைச் சூட்டினார்கள். எங்கள் பிள்ளையின் பெயருக்கு நல்ல பொருளே உண்டு. மார்க்க விஷயத்திலும் நிர்ப்பந்தம் கூடாது என்பது திருமறையின் தீர்ப்பு. நாங்கள் தொழுவதை அவன் பார்க்கிறான், கேள்வி கேட்கிறான், தெரிந்ததைச் சொல்கிறோம். இதயங்களைத் திருப்புபவன் இறைவன். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று அஞ்சிக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்த அவர்கள், "அப்ப அவன் வாப்பா பேரச் சொல்லியே துஆச் செய்யுறேன்" என்றார்கள்.

முதற் சந்திப்போடு எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். நியூஜெர்சிக்கு வந்த முதல் மாதங்களில் அவன் தலையணைக்கடியில் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைத்தான். ஒரு நாள் எம் துணைவியாரிடம் சினந்து, என்னை எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்டான். பல நாள் அதையே கேட்டான். இல்லத்தில் விட்டு வந்த அந்தச் சிறுவனை எண்ணி அழுதான். வாரம் ஒருமுறை அவனோடு தொலைபேசியில் பேச இல்லத்தார் இசைந்தது எங்களுக்குக் கிடைத்த பேருதவி. முதலாண்டில் மூன்று மாதத்திற்கொரு முறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்திற்கொரு முறையும் அவன் நலம் குறித்த அறிக்கை இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. அதன்பொருட்டு வந்த சமூகநலப் பணியாளரிடம் எதையும் மறைக்காமற் சொன்னோம். அவன் எங்களைச் சோதிக்கவில்லை, உங்கள் வீட்டுத் தரை தன் பாரத்தைத் தாங்குமா என்று காலால் தட்டிப் பார்க்கிறான், தட்டட்டும் என்றார் அவர்.

அவன் வருமுன்னரே கதவிலிருந்த மர எழுத்துகளைப் பெயர்த்து விட்டோம். பசை ஒட்டியிருந்த இடம் மட்டும் தழும்பாகத் தெரிந்தது. வந்த அன்றே அதைத் தடவிப் பார்த்தவன், ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து, மராத்தி எழுத்தில் தன் மூன்று சொற்களையும் எழுதி, சரியாக அந்தத் தழும்பின் மேல் ஒட்டினான். அந்த எழுத்து எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நாள்தோறும் கண்டு கண்டு, நடுவிலுள்ள அந்தச் சொல்லை மட்டும் இப்போது எழுதவே வரும்.

இன்றும் எங்களைக் காகா, காகூ என்றே அழைக்கிறான். வாப்பா, உம்மா என்று அழைக்கும்படி நாங்கள் கேட்டதில்லை. சில இரவுகளில் உறக்கத்தில் 'ஆயீ' என்று குரல் கொடுப்பான். மராத்தியில் தாயை அப்படித்தான் அழைப்பர். நம் தமிழிலும் அச்சொல் உண்டு. எந்தத் தாயை அழைத்தான் என்று எம் துணைவியார் ஆராய்வதில்லை. எழுந்து போய் அருகில் அமர்கிறார்.

விவரம் தெரிந்த பிள்ளை ஒன்றை ஏற்று வளர்க்க நம் குடும்பங்களில் எவரேனும் நிய்யத் கொண்டால், எங்கள் பிழையிலிருந்து அவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ளட்டும். அறையை ஒழுங்கு செய்யுங்கள். படுக்கையை விரித்து வையுங்கள். கதவில் மட்டும் ஒன்றும் எழுதாதீர்கள். வரும் பிள்ளை தன் பெயரைத் தன்னோடு கொண்டு வருகிறது. அதைச் சொல்லக் கேட்டு, திருத்தாமல், அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். எல்லாம் வல்ல இறைவன் யத்தீம்களின் கண்ணீரைத் துடைக்கும் கைகளாக நம் கைகளை ஆக்கியருள்வானாக. ஆமீன்.